இருபது யூனிட்டுக்குள் ஒரு ஹெலனிஸ்டிக் படை: பிர்ரஸா, ஐந்தாம் பிலிப்பா, மூன்றாம் அந்தியோக்கஸா?

டோட்டல் வார்: ரோம் 2 என்ற கணினிப் போர் விளையாட்டு ஒரு படைக்கு 20 யூனிட் (படைப்பிரிவு) மட்டும்தான் தருகிறது. ஜெனரலின் காவற்படையும் அந்த இருபதில் ஒன்று. அலெக்சாந்தரும் அவருக்குப் பின் வந்த அரசர்களும் நடத்திய படைகளில் ஒன்றை, வரலாற்றில் இருந்த விகிதத்திலேயே இந்த இருபதுக்குள் அடக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பெயர் பெற்ற யூனிட்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, ஆறேழு குதிரை, மூன்று யானை, மீதிக்கு வெள்ளிக் கேடயக்காரர்கள் (சில்வர் ஷீல்டு) என்னும் உயர்தரக் காலாள் என்று நிரப்பிவிடுகிறார்கள். அது ஜெயிக்கும். ஆனால் அப்படி ஒரு படை எந்த அரசரிடமும் இருந்ததில்லை.

எந்தப் படையை எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. ஐந்து படைகள் கையில் இருக்கின்றன: கிமு 334-இல் ஆசியாவுக்குள் நுழைந்த அலெக்சாந்தரின் படை, கிமு 280-இல் இத்தாலிக்குப் போன எபிரஸ் அரசர் பிர்ரஸின் படை, கிமு 217-இல் ரஃபியாவில் நின்ற எகிப்திய அரசர் நான்காம் தாலமியின் படை, கிமு 197-இல் கைனோஸ்கெஃபாலேயில் ரோமிடம் தோற்ற மாசிடோனிய அரசர் ஐந்தாம் பிலிப்பின் படை, கிமு 190-ஐ ஒட்டி மக்னீசியாவில் ரோமிடம் சிதைந்த செலூசிட் அரசர் மூன்றாம் அந்தியோக்கஸின் படை. ஐந்துக்கும் ஆள் எண்ணிக்கை லிவி, பாலிபியஸ், புளூட்டார்க், டயடோரஸ் ஆகிய பழைய வரலாற்றாசிரியர்களிடமிருந்தே கிடைக்கிறது. அதனால் ஊகம் குறைவு, கணக்குதான் அதிகம்.

முதலில் கணக்கு

விகிதத்தை யூனிட் எண்ணிக்கையில் பார்க்கக் கூடாது, தலை எண்ணிக்கையில் பார்க்க வேண்டும். ஒரு குதிரை யூனிட்டில் ஒரு காலாள் யூனிட்டில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் இருப்பார்கள். ஆகவே சூத்திரம் இது: காலாள் எண்ணிக்கையோடு குதிரை எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள். யானைக்கும் தேருக்கும் ஒதுக்கியது போக மீதமுள்ள இடங்களால் அதை வகுங்கள். வரும் எண்தான் ‘ஒரு காலாள் யூனிட் வரலாற்றில் எத்தனை பேருக்குச் சமம்’ என்பது. குதிரை யூனிட் அதில் பாதிக்குச் சமம்.

பிலிப்பின் படையில் போட்டுப் பார்க்கலாம். லிவி சொல்லும் பட்டியல்: ஃபேலங்ஸ் (சரிசா என்னும் மிக நீண்ட ஈட்டியோடு நெருங்கி நிற்கும் காலாட்படை) 16,000, பெல்டாஸ்ட் 2,000, திரேசியர் 2,000, இல்லிரியர் 2,000, கலப்புக் கூலிப்படை 1,500, குதிரை 2,000. காலாள் மொத்தம் 23,500. குதிரையை இரட்டித்துச் சேர்த்தால் 27,500. இருபதால் வகுத்தால் 1,375. ஃபேலங்ஸுக்கு 11.6 யூனிட், பெல்டாஸ்ட், திரேசியர், இல்லிரியர் ஒவ்வொன்றுக்கும் 1.45, கூலிப்படைக்கு 1.1, குதிரைக்கு 2.9. முழு எண்ணாக்கினால் 11 சரிசா, 2 பெல்டாஸ்ட், 1 திரேசியர், 2 இல்லிரியர், 1 கூலிப்படை, ஜெனரலையும் சேர்த்து 3 குதிரை. இருபது சரியாக வந்துவிட்டது. காலாள் யூனிட்டுக்கு 160 பேர், குதிரை யூனிட்டுக்கு 80 பேர் என்று வைத்தால் படையில் குதிரைக்காரர்கள் 8.1 விழுக்காடு. பிலிப்பிடம் இருந்தது 7.8.

உங்கள் திரையில் யூனிட் கார்டின் மேல் காட்டும் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். யூனிட் அளவை நீங்கள் செட்டிங்ஸில் மாற்றினால் எல்லாமே மாறும், எல்லா யூனிட்டும் ஒரே அளவும் இல்லை. சரிசா யூனிட்டில் 200 பேரும் மற்றவற்றில் 160 பேரும் இருந்தால் 11.6-ஐ 160-ஆல் பெருக்கி 200-ஆல் வகுக்க வேண்டும். ஒன்பது யூனிட்டே போதும், மிச்ச இரண்டு இடம் துணைப்படைக்குப் போகும்.

யானைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ரஃபியாவில் தாலமியிடம் 75,000 பேருக்கு 73 யானை, அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. உங்கள் ஸ்டாக்கில் (இருபது யூனிட் கொண்ட ஒரு படையில்) 3,000 பேர் இருந்தால் நியாயப்படி மூன்று யானைதான். பெரிய யூனிட் அளவில் ஒரே ஒரு யானை யூனிட் எடுத்தாலும் அது விகிதத்துக்கு மிஞ்சியதுதான். எந்தப் படையானாலும் ஒரு யானை யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் பிலிப்: கறாரான படை

கணக்குக்கு மிகச் சுத்தமாகப் பொருந்துவது இதுதான். மொத்தம் 25,500 பேர், யானை இல்லை, தேர் இல்லை, அரசியல் கட்டாயத்தால் சேர்ந்த விசித்திர இனக்குழுக்கள் இல்லை. ஆனால் ஆடுவதற்கு மிகக் கடினமானதும் இதுதான்.

முதல் பொறி பெயரில் இருக்கிறது. ரோம் 2-வில் ‘பெல்டாஸ்ட்ஸ்’ என்ற பெயரில் கிடைப்பது ஈட்டி எறிந்துவிட்டு ஓடும் லேசான படை. மாசிடோனிய அரசரின் பெல்டாஸ்ட்கள் அவர்கள் அல்ல. அவர்கள் தேர்ந்தெடுத்த காலாட்படை. கைனோஸ்கெஃபாலேயில் பிலிப் மேட்டின் மேல் முதலில் ஏற்றிய வலப்பக்கத்தில் ஃபேலங்ஸோடு சேர்ந்து நின்று கைகலப்பில் இறங்கியவர்கள். எனவே ‘ராயல் பெல்டாஸ்ட்ஸ்’ என்ற கைகலப்பு யூனிட்டைத்தான் இங்கே எடுக்க வேண்டும். எறிபடை யூனிட்டை எடுத்தால் உங்கள் வலப்பக்கம் முதல் மோதலிலேயே திறந்துகொள்ளும்.

அடுத்தது ஆழம். பாலிபியஸ் விளக்கும் ஃபேலங்ஸ் பதினாறு வரிசை ஆழம். சரிசா 14 முழம், ஆறு மீட்டருக்கும் மேல். முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் முன்னால் நிற்கும் வீரனையும் தாண்டி நீளும். ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஈட்டியைச் சாய்த்து மேலே பிடித்து, பறந்து வரும் அம்பையும் ஈட்டியையும் தட்டிவிடுவார்கள், முன்னால் இருப்பவர்களைத் தங்கள் உடல் எடையால் தள்ளுவார்கள். ஒரு ரோமானியன் வாளை வீசித் திரும்ப இடம் வேண்டும் என்பதால் அவனுக்கு எதிரே இரண்டு மாசிடோனியர் நிற்பார்கள். ஆகவே அவன் முகத்துக்கு நேரே பத்து ஈட்டி முனைகள்.

இதை அப்படியே விளையாட்டில் செய்யப் போனால் முன்வரிசை குறுகிவிடும். 160 பேரைப் பதினாறு ஆழத்தில் நிறுத்தினால் ஒரு யூனிட்டுக்குப் பத்துப் பேர் அகலம்தான், பதினொன்றுக்கும் சேர்த்து 110. எதிரியின் வரிசை இரண்டு பக்கமும் உங்களைத் தாண்டி நிற்கும். எட்டு ஆழம் வையுங்கள். யூனிட்டுக்கு இருபது அகலம், மொத்தம் 220. ஈட்டி முனைகள் முன்னால் நிற்பதற்கு எட்டு வரிசை தாராளம். வலது கிளிக்கை அழுத்தி இழுத்து அகலம் வைக்கும்போது யூனிட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு வரிசையையும் நகர்த்த, எல்லாவற்றையும் தேர்ந்து ஆல்ட் பொத்தானை அழுத்தியபடி இடது கிளிக்கால் இழுத்தால் வரிசை குலையாமல் நகரும். தனித்தனியாக நகர்த்தினால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அந்த ஓட்டையில்தான் ரோமானியன் நுழைவான்.

கைனோஸ்கெஃபாலேயில் நடந்ததும் அதுதான். பிலிப்பின் வலப்பக்கம் மேட்டிலிருந்து கீழ்நோக்கி ரோமானியரைத் தள்ளிக்கொண்டு போனது. இடப்பக்கம் இன்னும் அணிவகுத்து முடியவில்லை. அப்போதே யானைகளோடு வந்து மோதினான் ரோமானியத் தளபதி ஃபிளமினினஸ். பிறகு ஒரு ட்ரிப்யூன் (ரோமானியப் படை அதிகாரி) இருபது மேனிப்பிள்களை (ரோமானியச் சிறு படைப்பிரிவுகளை) பிரித்து, ஜெயித்துக்கொண்டிருந்த மாசிடோனிய வலப்பக்கத்தின் முதுகில் போய் விழுந்தான். சரிசாக்காரனால் திரும்ப முடியாது. சரணடைவதற்கு அடையாளமாக அவர்கள் சரிசாவைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தார்கள். ரோமானியர்களுக்கு அதன் பொருள் புரியவில்லை, ஃபிளமினினஸ் கேட்டறிந்து தடுக்கப் பார்ப்பதற்குள் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

விளையாட்டிலும் இந்தப் படை தோற்பது முதுகுப்பக்கத்தில்தான். பதினொரு சரிசாவை வைத்துக்கொண்டு முன்னால் யாரையும் நிறுத்திவிடலாம். ஆனால் ரிசர்வ் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கணினி ரோமானியன் இரண்டு மூன்று யூனிட்டைச் சுற்றி அனுப்பினால் அதை எதிர்க்க உங்களிடம் இருப்பது ஒரு திரேசியர் யூனிட்டும் ஒரு கூலிப்படை யூனிட்டும்தான். திரேசியரை வரிசையின் நடுவுக்குப் பின்னால் நிறுத்துங்கள், பக்கத்தில் அல்ல. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தூரத்தில் இருப்பார்கள். இல்லிரியர் இரண்டு யூனிட்டும் முன்னால் நின்று ஈட்டி எறிந்து தீர்த்தபின் பக்கவாட்டில் வெளியேறட்டும். ஃபேலங்ஸ் ஈட்டியைத் தாழ்த்திய பிறகு அதன் ஊடாக அவர்களை இழுத்தால் வரிசை கலைந்துபோகும்.

மேடு பள்ளம் உள்ள களத்தை எடுத்தால் வரலாறு அப்படியே திரும்பும், தோல்வியும் சேர்ந்து. பிலிப்புக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டுமென்றால் சமதளம் எடுங்கள்.

பிர்ரஸ்: மூட்டு உள்ள படை

பிர்ரஸ் இத்தாலிக்குக் கப்பலேற்றியதாகப் புளூட்டார்க் தரும் எண்: 20 யானை, 3,000 குதிரை, 20,000 காலாள், 2,000 வில்லாளி, 500 கவண்காரர். யானைக்கு ஒரு இடம் ஒதுக்கி மீதிப் பத்தொன்பதால் வகுத்தால் யூனிட்டுக்குச் சரியாக 1,500. காலாள் 13, வில் 1, கவண் 1 (மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது, ஆனாலும் தனித்தன்மைக்காக வைத்துக்கொள்ளலாம்), குதிரை 4, யானை 1. இருபது. குதிரை விகிதம் வரலாற்றிலும் 11.8 விழுக்காடு, இந்தப் பட்டியலிலும் ஏறத்தாழ அதே.

அந்த 20,000 காலாளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இந்தப் படையின் சிறப்பே இருக்கிறது. பிர்ரஸ் ரோமானியரோடு மோதிய போர்களில் இத்தாலிய ஆயுதங்களை மட்டுமல்ல, இத்தாலியப் படைகளையும் பயன்படுத்தினார், ஒரு மேனிப்பிள் ஒரு ஃபேலங்ஸ் பிரிவு என்று மாற்றி மாற்றி நிறுத்தினார் என்று பாலிபியஸ் பதிவு செய்கிறார். ஃபேலங்ஸுக்கு முன்பக்கம் இரும்பு, பக்கவாட்டு வெண்ணெய். அதனால் இரண்டு ஃபேலங்ஸுக்கு நடுவே வளைந்து கொடுக்கும் ஒரு படை வேண்டும். உடம்பில் எலும்புகளுக்கு நடுவே மூட்டு இருப்பது போல. ஹெலனிஸ்டிக் படையை உருவாக்கும் எல்லோரும் எலும்பை எண்ணுகிறார்கள், மூட்டை எண்ணுவதில்லை. எங்கள் தீர்ப்பில் ஒரு படை நல்ல மறு உருவாக்கமா இல்லையா என்பதை முடிவு செய்வது சரிசா எத்தனை என்பதல்ல, இந்த மூட்டுப்படை எங்கே நிற்கிறது என்பதுதான்.

பதின்மூன்று காலாளையும் இப்படிப் பிரிக்கலாம்: 7 சரிசா, 3 தூரியோஸ் ஸ்பியர்ஸ் (நீள்வட்டக் கேடயத்தோடு நிற்கும் ஈட்டிக்காரர்), 3 ஹோப்லைட் (வட்டக் கேடயமும் ஈட்டியும் ஏந்திய கனத்த காலாள்). தென் இத்தாலியின் கிரேக்க நகரமான டாரன்டத்தின் மக்கள்தான் பிர்ரஸை அழைத்தவர்கள், அவர்களுக்கு ஹோப்லைட் பொருத்தம். எபிரஸ் தரப்பை எடுத்தால் இந்த வகைகளைத் தேடி அலைய வேண்டாம். நிறுத்தும் முறை: இரண்டு சரிசா, ஒரு தூரியோஸ், இரண்டு சரிசா, ஒரு தூரியோஸ், இரண்டு சரிசா, ஒரு தூரியோஸ், ஒரு சரிசா. ஹோப்லைட்டில் இரண்டு இடக்கோடி, ஒன்று பின்னால்.

தூரியோஸ் யூனிட்டுகளைச் சரிசாவோடு ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். சரிசா யூனிட் ஃபார்மேஷனுக்குள் போய் ஈட்டியைத் தாழ்த்த நேரம் எடுத்துக்கொள்ளும். தூரியோஸ் உடனே மோதிவிடும். ஒரே கோட்டில் இருந்தால் எதிரியின் முழு அடியும் முதலில் அந்த மூன்று யூனிட் மேல்தான் விழும். ஒரு யூனிட் ஆழத்தில் பாதியளவு பின்னால் தள்ளி வையுங்கள். எதிரி அந்தக் குழிவுக்குள் நுழையும்போது அவன் இரண்டு பக்கமும் ஈட்டி முனை இருக்கும், எதிரே தூரியோஸ். ஒரு சரிசா யூனிட்டின் பக்கத்தை யாராவது தொட்டால் தூரியோஸை முன்னே விட்டு அடைத்து, வேலை முடிந்ததும் பின்னே இழுத்துக்கொள்ளலாம். துரத்திக்கொண்டு போக மட்டும் விடாதீர்கள். மூட்டு கழன்றால் எலும்பு தனியாக நிற்கும்.

யானையை எப்போது விடுவது? ஹெராக்ளியாவில் பிர்ரஸ் அதைக் கடைசி வரை பிடித்து வைத்திருந்தார். ரோமானியக் குதிரைகள் யானையைக் கண்டு மிரண்டு கலைந்த பிறகு, தெசலியக் குதிரைப்படையை ஏவி முடித்தார். அதே வரிசையில் செய்யுங்கள். எதிரியின் குதிரை உங்கள் குதிரையோடு சிக்கிக்கொண்ட பிறகு யானை, யானை கலைத்த இடத்தில் குதிரை. ஆரம்பத்திலேயே நடுவில் யானையை அனுப்பினால் எறிஈட்டிக்காரர்கள் அதைக் குத்திக் கலங்கடித்துவிடுவார்கள். மதம் பிடித்த யானைக்கு நம்மவன் மாற்றான் என்ற பேதம் கிடையாது.

வில் யூனிட்டை ஃபேலங்ஸுக்குப் பின்னால் சமதளத்தில் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அம்பு உங்கள் சரிசாக்காரர் முதுகில்தான் விழும். பக்கவாட்டில், ஹோப்லைட்டுக்கு அருகில் வையுங்கள்.

மூன்றாம் அந்தியோக்கஸ்: மக்னீசியா

செலூசிட் என்றாலே சரிசா சுவர் என்று நினைப்பவர்களுக்கு மக்னீசியாவின் கணக்கு அதிர்ச்சி தரும். லிவி தரும் மொத்தம் காலாள் 60,000, குதிரை 12,000-க்கும் மேல், யானை 54. அதில் ஃபேலங்ஸ் வெறும் 16,000. பத்துப் பிரிவு, ஒவ்வொன்றும் ஐம்பது பேர் அகலம், முப்பத்திரண்டு ஆழம், பிரிவுகளுக்கு நடுவே இரண்டிரண்டு யானை. மற்ற எல்லாம் துணைப்படை: இரண்டு பக்கமும் மூவாயிரம் மூவாயிரமாகக் கேட்டஃப்ராக்ட் என்னும் முழுக்கவசக் குதிரை, கலேஷியர், கப்பதோசியர், மீசிய வில்லாளிகள், கிரீட்டர், எலிமியர், கவண்காரர், அரிவாள் தேர், ஒட்டகத்தின் மேல் அரபு வில்லாளிகள்.

யானைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று ஒதுக்கினால் மீதி 18. யூனிட்டுக்கு ஏறத்தாழ 4,670 பேர். சரிசாவுக்கு 3.4 வருகிறது. நாங்கள் வைப்பது: 4 சரிசா, 2 சில்வர் ஷீல்டு பைக்மென், 1 கலேஷிய வாள்படை, 2 தூரியோஸ் வகை, 3 வில்லும் கவணும், 1 எறிஈட்டி, 2 கேட்டஃப்ராக்ட், 1 அரசரின் அகேமா (அரச காவற்படை) குதிரை (ஜெனரல்), 1 லேசான ஈட்டிக் குதிரை, 1 குதிரை வில், 1 இந்திய யானை, 1 அரிவாள் தேர். வெள்ளிக் கேடயக்காரர்களின் எண்ணை லிவி தனியாகச் சொல்வதில்லை. ஆனால் ரஃபியாவில் மாசிடோனிய முறையில் ஆயுதம் ஏந்திய 10,000 பேரில் பெரும்பாலோர் அவர்கள்தான் என்பதால் இரண்டு யூனிட் நியாயம்.

இங்கேயும் ஒரு காலப்பிழைப் பொறி உண்டு. விளையாட்டில் ‘சில்வர் ஷீல்டு ஸ்வார்ட்ஸ்மென்’ கிடைக்கும். வாளோடு ரோமானிய பாணியில் நிற்கும் 5,000 பேர் செலூசிட் படையில் காணப்படுவது கிமு 166-இல் நான்காம் அந்தியோக்கஸ் தாஃப்னேயில் நடத்திய அணிவகுப்பில். மக்னீசியாவுக்கு இருபது ஆண்டுக்கு மேல் பிந்தியது அது. மூன்றாம் அந்தியோக்கஸின் படையில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

யானையைப் பொறுத்தவரை இந்தியத் தொடர்பு உண்மையானது. முதலாம் செலூக்கஸ் சந்திரகுப்த மௌரியரிடம் 500 யானை பெற்றார். மூன்றாம் அந்தியோக்கஸும் காபூல் பகுதி அரசர் சுபாகசேனரோடு நட்பைப் புதுப்பித்து, யானைகளின் எண்ணிக்கையை 150 ஆக்கிக்கொண்டார். அதனால் இந்தத் தரப்புக்கு இந்திய யானை யூனிட்தான் சரி.

இந்தப் படையை ஆடும்போது தேர்தான் எமன். மக்னீசியாவில் ரோமானியரின் கூட்டாளியான பெர்கமம் அரசர் யூமனஸ் தன் வில்லாளிகளையும் கவண்காரர்களையும் நெருங்கி நிற்க விடாமல் பரவலாக ஓடவிட்டு, தேர்க் குதிரைகளை எல்லாத் திசையிலிருந்தும் அடிக்கச் சொன்னார். குதிரைகள் மிரண்டு திரும்பின. ஒட்டகங்கள் ஓடின. அவை தங்கள் பின்னால் நின்ற கேட்டஃப்ராக்ட் வரிசையைக் கலைத்தன. கனத்த கவசத்தோடு அவர்களால் விலகவும் முடியவில்லை. இடப்பக்கம் முழுவதும் சரிந்தது. அந்நேரம் அரசர் வலப்பக்கத்தில் ரோமானியரை உடைத்து அவர்கள் முகாம் வரை துரத்திக்கொண்டு போயிருந்தார். ஃபேலங்ஸ் தனியாக நின்றது. சதுரமாக மாறி யானைகளை உள்ளே வாங்கிக்கொண்டது. கடைசியில் உள்ளே இருந்த யானைகளே அதைக் கலைத்தன.

விளையாட்டில் இதைத் தவிர்க்க, தேர் யூனிட்டை உங்கள் குதிரைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். வலக்கோடியில், பின்னால் யாரும் இல்லாத இடத்தில் வைத்து, எதிரியின் எறிபடை தீர்ந்த பின் ஒரே ஒருமுறை ஊடுருவி வெளியேற விடுங்கள். திரும்ப வரச் சொல்ல வேண்டாம். கேட்டஃப்ராக்ட் இரண்டையும் ஒரே பக்கத்தில் குவிக்கவும் ஆசை வரும். பிரித்து வையுங்கள், வரலாறும் அதுதான்.

நேர்மையாகச் சொன்னால், ஒரு ஸ்டாக்குக்குள் இந்தப் படை மூச்சு முட்டுகிறது. பதினைந்து இனக்குழு, ஒவ்வொன்றுக்கும் அரை யூனிட். கேம்பெயினில் இரண்டு ஜெனரல்களை அடுத்தடுத்து நிறுத்தி ரீஇன்ஃபோர்ஸ்மென்டோடு 40 யூனிட்டாக இறக்கினால்தான் அதன் உருவம் தெரியும். இரண்டு படைக்கும் பராமரிப்புச் செலவு தாங்க வேண்டும், ஏகாதிபத்திய நிலை உயராமல் கூடுதல் படை வைக்கவும் முடியாது. ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு முன் இது நடக்காது.

ரஃபியா: இரண்டு பக்கமும் நீங்களே

ரஃபியாவின் அழகு, பாலிபியஸ் இரண்டு படையையும் பிரிவு பிரிவாக, தளபதி பெயரோடு தருகிறார் என்பது. பிரிவுகளைக் கூட்டினால் தாலமியின் காலாள் 70,000, அந்தியோக்கஸின் காலாள் 62,000, மொத்தத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. நண்பர் ஒருவரோடு கஸ்டம் பேட்டில் ஆடுவதற்கு இதை விட்டால் வேறில்லை.

தாலமிக்கு: 25,000 பேர் கொண்ட கிரேக்க-மாசிடோனிய ஃபேலங்ஸுக்கு 6 சரிசா, அப்போதுதான் புதிதாகப் பயிற்சி பெற்ற 20,000 எகிப்தியருக்கு 5 லெவி பைக்மென் (தரம் குறைந்த சரிசா யூனிட்), லிபியருக்கு 1 சரிசா, அகேமாவும் பெல்டாஸ்டும் சேர்ந்து 1 உயர்தரக் காலாள், கூலிப்படை 2, கிரீட் வில் 1, திரேசியர்-கலேஷியர் 1, குதிரை 2, ஆப்பிரிக்க யானை 1. பன்னிரண்டு சரிசா. அந்தியோக்கஸுக்கு: 5 சரிசா, 3 சில்வர் ஷீல்டு, அரபு லேசான படை 2, மீடியர் 1, டாஹேயும் சிலீசியரும் 1, கிரேக்கக் கூலிப்படை 1, கிரீட்டர் 1, பாரசீக வில் 1, திரேசியர் 1, குதிரை 3, இந்திய யானை 1.

எகிப்தியரை உயர்தர சரிசாவாக எடுத்துவிடாதீர்கள். அது இந்தப் போரின் சமநிலையையே கெடுத்துவிடும்.

யானைச் சண்டையைப் பாலிபியஸ் கண்ணால் கண்டதுபோல் எழுதுகிறார். தந்தத்தோடு தந்தம் பின்னி, நெற்றியோடு நெற்றி முட்டி இரண்டும் தள்ளும். வலுத்தது மற்றதன் துதிக்கையை ஒருபக்கம் ஒதுக்கும். அதன் விலா திரும்பியவுடன், எருது கொம்பால் குத்துவதுபோல் தந்தத்தால் குத்தும். தாலமியின் ஆப்பிரிக்க யானைகள் பெரும்பாலும் அதுவரைக்கும் நிற்கவே இல்லை. இந்திய யானையின் வாடையும் பிளிறலும் தாங்காமல் திரும்பித் தன் அகேமா மேலேயே ஏறின. ஆகவே தாலமியாக ஆடுகிறவர் தன் யானைக்குப் பின்னால் உயர்தரக் காலாளை நிறுத்தினால் அதே விதிதான். இடப்பக்கத்தை இழப்பதற்குத் தயாராகி, வலப்பக்கத்தில் குதிரையையும் கூலிப்படையையும் குவிக்க வேண்டும். தாலமியின் தளபதி எகெக்ரடீஸ் அப்படித்தான் அந்தப் பக்கத்தை வென்றார். அந்தியோக்கஸாக ஆடுகிறவர் ஜெயித்த பக்கத்தில் துரத்திக்கொண்டே போகாமல் ஜெனரலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவர் திரும்பாததால்தான் நடுவில் எட்டு சரிசா பன்னிரண்டோடு தனியாக மோதும் நிலை வந்தது.

அலெக்சாந்தர்: சரிசா நான்கு போதும்

டயடோரஸின் பட்டியலை வகுத்தால் ஒரு யூனிட் 2,110 பேர். ஃபேலங்ஸ் 9,000-க்கு 4 சரிசா, ஹைபாஸ்பிஸ்ட் (தேர்ந்த காலாள்) 2, கிரேக்கக் கூட்டாளிகள் 3 ஹோப்லைட், கூலிப்படை 2, திரேசியர்-இல்லிரியர் 3, அக்ரியானியரும் (எறிஈட்டிக்காரர்) வில்லாளிகளும் 1, குதிரை 5. ஆடுவதற்கு எளிது, ஏனென்றால் குதிரை அதிகம், சரிசா குறைவு. ஆனால் ரோம் 2-வின் பெரிய கேம்பெயின் கிமு 272-இல் தொடங்குகிறது. அலெக்சாந்தரின் படை அதற்கு அறுபது ஆண்டு முந்தியது, அவருடைய கம்பானியன் குதிரைக்குக் கேடயமும் இல்லை. கஸ்டம் பேட்டிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட் போடலாமா?

டிவைட் எட் இம்பெரா மாட் (ரசிகர்கள் விளையாட்டை மாற்றிச் செய்த வடிவம்) இந்தக் கணக்குகளுக்கு அசல் விளையாட்டைவிடப் பொருத்தம். சண்டை மெதுவாக நடப்பதால் மூட்டுப்படையை நகர்த்த நேரம் கிடைக்கிறது. மக்கள்தொகை முறை இருப்பதால் உயர்தர யூனிட்டை வரம்பில்லாமல் சேர்க்க முடியாது, ஆளே இருக்க மாட்டார்கள். தாலமி எகிப்தியருக்கு ஏன் சரிசா கொடுக்க வேண்டி வந்தது என்பது அப்போது புரியும். ஆனால் உணவு வழங்கல், மக்கள்தொகை என்று கவனிக்க வேண்டியவை கூடும், ஒரு ஆண்டுக்கு நான்கு டர்ன். கேம்பெயின் ஆடுகிறவர்களுக்கு மாட், கஸ்டம் பேட்டில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு அசல் போதும்.

எதை எடுப்பது?

முதன்முறை என்றால் பிர்ரஸ். தயக்கமே வேண்டாம். எல்லா வகைப் படையும் அளவாக இருக்கிறது, மூட்டுப்படையின் வேலையைக் கற்றுத்தருகிறது, எபிரஸ் சிறிய நாடு என்பதால் கேம்பெயினிலும் ஒரே ஸ்டாக்கில் வாழ முடியும். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் ரஃபியா. மக்னீசியா 40 யூனிட்டுக்கு வழி உள்ளவர்களுக்கு. பிலிப்பை மூன்றாவது நான்காவது முயற்சியில் எடுங்கள், முதலில் அல்ல. மூட்டே இல்லாமல் எலும்பை மட்டும் வைத்து நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை அதற்குள் கை பழகியிருக்கும்.

பிர்ரஸை முதலில் சோதிக்கும்போது ரோம் தரப்பைக் கணினிக்குக் கொடுத்து, சமதளத்தில், குதிரை நான்கையும் வலப்பக்கம் வைத்து ஆடுங்கள். தோற்றால் பட்டியலை மாற்றாதீர்கள். ரீப்ளேயைச் சேமித்து, முதலில் உடைந்த சரிசா யூனிட் எது என்று பாருங்கள். அது வரிசையின் நடுவில் இருந்தால் தூரியோஸ் மிகவும் பின்னால் நின்றிருக்கிறது. இடக்கோடியில் இருந்தால் அந்தப் பக்க ஹோப்லைட் யாரையோ துரத்திக்கொண்டு போயிருக்கிறது. அந்த ஒரு யூனிட்டின் இடத்தை மட்டும் சரிசெய்து மறுபடி ஆடுங்கள்.